ரூத் பிரவுன்

ரூத் பிரவுன் (சனவரி 12, 1928 – நவம்பர் 17, 2006) அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பாடகியும் நடிகையும் ஆவார். கலைஞர்களின் உரிமைத்தொகைக்காகப் போராடியவராகவும் அறியப்படுகிறார்.

தொடக்க வாழ்க்கை

இவர் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். தந்தை துறைமுகத் தொழிலாளி. தேவாலயப் பாடகர் குழுவையும் வழிநடத்தினார். 1948 இல் நியூயார்க் செல்லும் வழியில் ரூத் கார் விபத்தில் சிக்கினார். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இசைப்பணி

1950 இல் வெளிவந்த "டியர்டிராப்ஸ் ஃபிரம் மை ஐஸ்" பாடல் ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 11 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தொடர்ந்து பல பாடல்கள் வெற்றி பெற்றன. அப்போது சிறு நிறுவனமாக இருந்த அட்லாண்டிக் இவரால் வளர்ந்ததால், அது "ரூத் கட்டிய வீடு" எனப்பட்டது.

உரிமைத்தொகைப் போராட்டம்

1960களில் வாய்ப்புகள் குறைந்தன. வீட்டு வேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். பழைய இசைத்தட்டுகள் மீண்டும் விற்பனைக்கு வந்தும் இவருக்குப் பணம் வரவில்லை. ஒலிப்பதிவுச் செலவுகள் பாடகரின் கணக்கிலேயே எழுதப்பட்டதால், ஏட்டின்படி இவரே நிறுவனத்துக்குக் கடன்பட்டவராக இருந்தார். வழக்கறிஞர் ஹோவெல் பீகிலின் துணையோடு பல ஆண்டுகள் போராடினார். 1988 இல் அட்லாண்டிக் இவருக்கும் வேறு பல கலைஞர்களுக்கும் கடனைத் தள்ளுபடி செய்து, நிலுவைத்தொகை வழங்க இசைந்தது. மூத்த கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளையும் இதன் விளைவாகத் தோன்றியது.

விருதுகள்

"பிளாக் அண்ட் புளூ" இசை நாடகத்துக்காக 1989 இல் டோனி விருதும், "புளூஸ் ஆன் பிராட்வே" இசைத்தொகுப்புக்காகக் கிராமி விருதும் பெற்றார். 1993 இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார்.