சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்

பொன்னேரிப் பக்கம் நவரை அறுப்பு முடிந்த கையோடு சொர்ணவாரிக்கு உழவு தொடங்கிவிடும். ஈரம் காய்வதற்குள் ஓட்டியாக வேண்டும். டிராக்டருக்காக அடுத்த வயல்காரரும் காத்திருப்பார். அந்த அவசரத்தில், டிராக்டரின் பின்னால் மாட்டிய சுழல் கலப்பையான ரொட்டாவேட்டரில் நெல் தாளோ கயிறோ சுற்றிக்கொண்டால், பலரும் வண்டியை நிறுத்துகிறார்கள், என்ஜினை நிறுத்துவதில்லை. ரொட்டாவேட்டரைத் தூக்கிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்து கையால் இழுக்கிறார்கள். இப்படிச் செய்பவர் பெரும்பாலும் பல வருடம் ஓட்டிப் பழகியவர்தான். புதிதாக ஓட்டுகிறவருக்கு அந்தத் துணிச்சல் வராது.

பழகியவர் இதற்கு முன் எத்தனையோ தடவை இதையே செய்திருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு தடவையும் 'நமக்குத் தெரியாததா' என்ற எண்ணம் கெட்டிப்படுகிறது. ஆனால் அத்தனை தடவையும் அவர் தப்பியது, ரொட்டாவேட்டரைச் சுற்றவிடும் லீவர் தானாக விழாததாலும் வேட்டி நுனி படாததாலும்தான். அதைத் தன் திறமைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

டிராக்டரிலிருந்து ரொட்டாவேட்டருக்குச் சக்தியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். அதாவது விநாடிக்கு 9. தண்டின் குறுக்களவு 7 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சுற்றில் சுமார் 22 சென்டிமீட்டர் துணி அதில் ஏறும். ஒரு விநாடியில் ஏறக்குறைய 2 மீட்டர். நாலு முழ வேட்டி முழுசாக உள்ளே போய்விடும்! துணி மாட்டியது மூளைக்கு எட்டிக் கை அசைய முக்கால் விநாடி ஆகும். அதற்குள் தண்டு ஆறேழு சுற்று சுற்றியிருக்கும். இங்கே அனுபவம் கைகொடுக்க நேரமே இல்லை. தோளில் துண்டு, முந்தானை, பின்னாத கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். தண்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை உடைந்தால் மறுபடி வாங்கிப் போடாமல் ஓட்டுவது எத்தனை ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும்.

வார நாளில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சொந்த வயல் என்று இருப்பவர்கள் இங்கே உண்டு. தொழிற்சாலையில் சுற்றும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும், ஓடும் இயந்திரத்தை நெருங்குகிறவர் தனிப்பயிற்சி பெற்று இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. கம்பெனியில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டு போடாமல் மெஷினில் கை வைக்காதவர், வயலில் ஓடும் என்ஜின் பக்கத்தில் குனிகிறார். வரப்பில் நின்று தடுக்க சூப்பர்வைசர் இல்லை.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்கள் பெருகிய பிறகு, 1983இல் நாடாளுமன்றம் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. கதிர் தள்ளும் வாய்க்கு இந்தியத் தரம் வகுத்த அளவு எனக்கு மிகவும் பிடித்தது: குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும். கை உள்ளே இருக்கும் உருளையை எட்டாமலிருக்கத்தான் இந்த நீளம். ஓட்டுகிறவர் கவனமாக இருப்பார் என்று நம்பிவிடாமல், தகரத்தாலேயே தடுத்துவிட்டார்கள்.

சேற்றில் புதைந்த டிராக்டரும் இதே அவசரத்தில்தான் உயிரை வாங்குகிறது. பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி வேகமாகக் கிளப்பினால், சக்கரம் நகர முடியாமல் நிற்க, வண்டியின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். இரண்டு விநாடிகூட ஆகாது. ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே இந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

நம் வயலில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பி.டி.ஓ.வை விடுவித்து, ரொட்டாவேட்டரைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்றல் அடங்கிய பிறகே கை வைப்பது. இதற்குச் சில நிமிடம் ஆகும். மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் வயல்காரர் அந்த நிமிடங்களுக்கு முகம் சுளித்தால், ஓட்டுநர் அடுத்த தடவை என்ஜினை நிறுத்தமாட்டார். ஆகவே வண்டி வயலில் இறங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, சிக்கு எடுக்கிற நேரத்துக்கும் சேர்த்தே காசு வாங்கிக்கோ, என்ஜினை நிறுத்திட்டு எடு."