செமஸ்டரில் அடங்காத படிப்பு

சூழலியல் துறையில் எம்.எஸ்சி. சேரும் மாணவருக்குக் கிடைப்பது நான்கு செமஸ்டர். கடைசிச் செமஸ்டர் பெரும்பாலும் பிராஜெக்டுக்குப் போய்விடும். தலைப்பு முடிவாகி, வனத்துறையின் அனுமதிக் கடிதம் வந்து, தங்க இடம் பார்த்து ஃபீல்டுக்குப் போய்ச் சேரும்போது இரண்டு மூன்று மாதம் மிஞ்சினால் பெரிது. அவர் படிக்கப் போகும் உயிர்களோ வேறு காலக் கணக்கில் வாழ்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்த பங்குனி ஆமை, தானே முட்டையிடக் கரையேறப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு யானை இரு கன்றுகளுக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் நாலைந்து ஆண்டுக்குள் துறையில் இரண்டு பேட்ச் பட்டம் வாங்கிப் போயிருக்கும். இந்த இடைவெளியைப் பாடத்திட்டம் எவ்வளவு நீண்டாலும் எட்ட முடியாது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினாலும் வேலை மாறாமல் நடக்கும் ஓர் அமைப்பு வேண்டும். பறவை நோக்கும் குழு, இயற்கை மன்றம், ஆமை நடைக் குழு என்று மாணவர்கள் தாங்களே நடத்தும் மன்றங்கள் செய்வது இதைத்தான். நம் கல்லூரிகள் இவற்றைப் பொழுதுபோக்குக் கணக்கில் எழுதிவைத்திருக்கின்றன. சூழலியலில் அவை படிப்பின் சரிபாதி என்று நான் கருதுகிறேன்.

இந்த அறிவியல் துறை பிறந்த கதையே இதற்குச் சான்று. 1921இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஆர்க்டிக் பகுதியிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்கு ஒரு பயணக்குழு அனுப்பியது. அதில் சார்லஸ் எல்டன் என்ற 21 வயது மாணவரும் போனார். அங்கே பார்த்ததை வைத்து, தாவரவியலாளர் சம்மர்ஹேஸுடன் சேர்ந்து 1923இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஒரு சின்னத் தீவில் எது எதைத் தின்று வாழ்கிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் படம் இருந்தது. இன்று பள்ளிப் புத்தகங்களில் உணவு வலை என்று நாம் பார்ப்பதன் முன்னோடி அதுதான். 1927இல் அதே பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் நிக்கல்சன் என்ற மாணவர் சுற்றுவட்டாரப் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலையைத் தொடங்கினார். மறு ஆண்டே பிரிட்டனின் சாம்பல் நாரைக் கூடுகளை எண்ணும் திட்டத்தையும் முன்னின்று நடத்தினார். இந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 1932இல் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை உருவானது. நாரைக் கூடுகளை இன்றும் எண்ணிவருகிறார்கள். 1962-63இன் கொடும் பனிக்காலத்தில் நாரைகள் பெருமளவில் மடிந்தன. பிறகு மெல்ல மெல்ல மீண்டன. அந்த ஓராண்டை மட்டும் ஆராய்ந்த ஒருவர் நாரை இனம் அழிகிறது என்று எழுதியிருப்பார். சில ஆண்டு கழித்து வந்தவர் பெருகுகிறது என்றிருப்பார். கடுங்குளிரில் விழுந்து எழுவது அதன் இயல்பு என்பதை அறுபடாத ஏடு ஒன்றுதான் சொல்ல முடியும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு இணையான கதை இருக்கிறது. 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் நகரக் கடற்கரையில் இரவு நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். பிறகு அரசுத் துறைகள் சில ஆண்டுகள் முட்டைகளைக் காத்தன. அது நின்றபோது, 1988இல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சூழலியல் பேராசிரியர். அன்று நடந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயது வந்துவிட்டது, நடை நிற்கவில்லை.

அந்த இரவு வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஊர் அடங்கிய பிறகு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி ஈர மணலோரமாக நடக்கிறார்கள். டார்ச் அடிப்பதில்லை, வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை திரும்பிவிடும். கண் தேடுவது மணலில் ஏறி இறங்கிய துடுப்புத் தடத்தை. தடம் முடியும் இடத்தில் கலைந்த மணல் இருக்கும். அங்கே குச்சியை மெல்ல அழுத்திப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் தடுக்கிய குச்சி ஓரிடத்தில் சட்டென்று உள்ளே போகும். அதற்குக் கீழேதான் கூடு. ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற குழியில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட முட்டைகள். இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் வைக்கிறார்கள். மேலே நட்ட அட்டையில் தேதி, இடம், முட்டை எண்ணிக்கை. ஒன்றரை மாதம் போல் கழித்துக் குஞ்சுகள் கிளம்பிக் கடலுக்குப் போன பிறகு குழியைத் தோண்டி, காலி ஓடுகளையும் பொரியாத முட்டைகளையும் தனித்தனியே எண்ணுவார்கள். நாற்றமடிக்கும் அந்தக் கடைசி எண்ணிக்கையை எந்தப் புகைப்படத்திலும் பார்க்க முடியாது. இத்தனை பாடுகளுக்கும் பலன் உண்டா என்பது தெரிவது அங்கேதான். ஆமை வராத இரவுக்கும் ஏட்டில் ஒரு வரி உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, வழக்கத்தைவிட இது மிக அதிகம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், முந்தைய பருவங்களின் எண்ணிக்கை எழுத்தில் இருந்ததுதான்.

மாணவர் எடுக்கும் கணக்கை எப்படி நம்புவது என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதிதாக வந்தவர் கதிர்க்குருவிகளில் ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடலாம். ஆனால் தனி ஒருவரின் பிழையும் ஆயிரக்கணக்கானோர் ஒரே முறையில் எடுத்த பதிவின் பிழையும் ஒரே கனமுள்ளவை அல்ல. பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் கல்லூரி வளாகங்களில் நடக்கும் கணக்கெடுப்பிலும், எத்தனை நிமிடம் பார்த்தோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைப் பறவைகளின் பெயரோடு சேர்த்தே எழுதச் சொல்கிறார்கள். அந்த இரண்டு எண்களும் இருந்தால், பத்து நிமிடம் பார்த்தவரின் பட்டியலையும் இரண்டு மணி நேரம் நடந்தவரின் பட்டியலையும் ஒப்பிட வழி பிறக்கிறது. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்களின் சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 குறைந்திருந்தன என்று நாம் அறிந்தது இத்தகைய பட்டியல்களால்தான். சம்பளத்துக்கு ஆள் வைத்து நாடு முழுவதும் இதைச் செய்ய எந்தத் துறையிடமும் பணம் இல்லை.

வேலைவாய்ப்பைச் சொல்லித் தடுக்கும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் உண்டு. மன்றம், நடை என்று சுற்றினால் மதிப்பெண் போய்விடும் என்பது அவர்கள் கவலை. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலோ உதகை அரசு கலைக் கல்லூரியிலோ காட்டுயிர் உயிரியல் படித்து முடிப்பவரை ஆராய்ச்சித் திட்டத்துக்கு எடுக்கும்போது, டிரான்செக்ட் (குறித்த கோட்டு வழியே நடந்து எண்ணுவது) நடந்திருக்கிறாயா, டேட்டா ஷீட்டை அன்றன்றே நிரப்புவாயா, கிராமத்துக்காரர்களோடு பேசத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். இவை எல்லாம் மன்றத்தில் கைவருபவை. பெங்களூருவில் 2010 முதல் நடந்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாட்டில் கட்டுரை படிப்பவர்கள் மாணவர்களே. மூத்த விஞ்ஞானிகள் கேட்டுக் கேள்வி எழுப்புகிறார்கள்.

இவற்றைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. இரவில் நடக்க யாருக்கு முடிகிறது? பெண்கள் ஹாஸ்டல் கதவு மாலையிலேயே அடைபடும் கல்லூரியில் ஆமை நடை என்பது பையன்களின் படிப்பாகிவிடும். பைனாகுலர் வாங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் குழுவாகப் பறவை மன்றம் சுருங்கவும் செய்யும். இந்த மறுப்பை நான் முழுக்க ஏற்கிறேன். மன்றம் படிப்பின் பாதி என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பாதியைச் சிலருக்கு மட்டும் கொடுப்பது ஆய்வுக்கூடத்துக்குள் சிலரை மட்டும் விடுவதற்குச் சமம். இரவு அனுமதிச் சீட்டு, உடன் வரும் ஆசிரியை, துறையின் வண்டி, நூலகப் புத்தகம் போல் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும் பைனாகுலர்கள், இவற்றை ஏற்பாடு செய்வது துறையின் கடமை. பெரிய செலவும் இல்லை.

மீனவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. கூடு காக்கும் மாணவர்கள் விடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள். ஆமைக்காக மீன்பிடிக்குத் தடை வந்தால் பட்டினி கிடப்பது குப்பம். ஆமை பெருமளவில் சாவது கடலில், குறிப்பாக இழுவலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல். பொரிப்பகம் எத்தனை வைத்தாலும் அந்தச் சாவு குறையாது. கரையோரக் கடலில் விசைப்படகின் இழுவலை நுழைந்தால் ஆமையும் சாகும், நாட்டுப்படகுக்காரரின் மீனும் போகும். குப்பத்துக்காரருக்கும் மாணவருக்கும் இங்கே நலன் ஒன்றுதான். வருஷக்கணக்கில் ஒரே கரையில் நடப்பவர்களுக்கு இது விளங்கும். எந்தக் காற்றுக்கு எந்த வலை போகிறது என்று மீனவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மாணவர், செத்த ஆமையின் கணக்கோடு அதையும் சேர்த்து எழுதுகிறார். ஒரே ஒரு முறை வந்து மாதிரி எடுத்துப் போகிறவருக்கு அந்தப் பேச்சு வாய்ப்பதில்லை.

அப்படியானால் மன்றத்துக்கும் கிரெடிட் கொடுத்துப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்ய வேண்டாம் என்பேன். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று வந்துவிட்டால், ஒன்றும் பார்க்காத நாளில் பூஜ்யம் என்று எழுதக் கை தயங்கும். அட்டெண்டன்ஸுக்காக வந்தவர் பக்கத்து ஷீட்டைப் பார்த்து நிரப்புவார். பொய்யான ஓர் ஆண்டு நுழைந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் ஒப்பீடும் கெட்டுவிடும். துறை செய்ய வேண்டியவை வேறு: பழைய ஏடுகளைப் பூட்டிவைக்க ஓர் அலமாரி, அவற்றைக் கணினியில் ஏற்ற விடுமுறையில் ஒருவருக்கு உதவித்தொகை, சீனியர்கள் விடைபெறும் மார்ச், ஏப்ரலுக்கு முன்பே ஜூனியர்களைக் கூட்டிப்போய்ப் பழக்க இரண்டு வாரம். பெரும்பாலான மன்றங்கள் செத்துப்போவது ஆர்வம் குறைந்து அல்ல, ஒரு பேட்ச் போகும்போது நோட்டுப் புத்தகமும் அவர்களோடு ஊருக்குப் போய்விடுவதால்.