சண்டை மீனுக்கு ஏற்ற தொட்டி

பாகலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர், வீட்டுப் பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்கச் சண்டை மீன் ஒன்று வாங்க நினைப்பாராகில், மீனுக்கு முன்னர் அதன் தொட்டியைத் தயார் செய்தல் வேண்டும். கடைகளில் இம்மீன் சிறு குப்பிகளில் வைத்து விற்கப்படுவதைக் கண்டு, அதற்கு ஒரு செம்பு ஜலமே போதுமென்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

இதன் பூர்வீகம், முன்னர் சயாம் எனப்பட்ட தாய்லாந்து தேசத்து நெல்வயல்களும் ஆழமற்ற சதுப்பு நிலங்களுமாம். 2019-ம் வருஷத்தில் அத்தேசத்தார் இதனைத் தங்கள் தேசிய நீர்வாழ் பிராணியாக அங்கீகரித்தனர். நம் பனையேறிக் கெண்டையைப் போல ஜலத்தின் மேலே வந்து வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இதற்கும் உண்டு. (அக்கெண்டை பனையில் ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக டால்டார்ஃப் என்பவர் எழுதிய செய்தி 1797-ல் வெளியாயிற்று.) குப்பியில் இம்மீன் உடனே மாளாதிருப்பது இவ்வுறுப்பினாலேயன்றி, அங்கே சுகமாயிருப்பதனாலன்று.

ஆண் மீன் ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடும். மீன் துள்ளி விழாதபடி மூடியும், மூடிக்கும் ஜலத்திற்குமிடையே சிறிது இடைவெளியும் அவசியம். புதிய சிமெண்டுத் தொட்டியாயின், காரம் நீங்கும்வரை சில வாரங்கள் ஜலம் நிரப்பி நிரப்பி இறைத்துவிட வேண்டும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. வயலில் இடும் அம்மோனியம் சல்பேட்டை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றனவன்றோ? தொட்டியில் நஞ்சை முறிப்பதும் அவ்வேலையே. ஆனால் அந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் செல்லும். ஆகையால் மீன் வருமுன்பே சிறு வடிகட்டியை ஓடவிட்டு, தினந்தோறும் சிட்டிகை மீனுணவு தூவி வரலாம். பின்னர் வாரந்தோறும் கால்பங்கு ஜலத்தை மாற்றினாற் போதும். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய் ஜலத்தை ஓரிரு நாள் திறந்து வைத்தே உபயோகிக்க வேண்டும்.

இம்மீனுக்கு 25 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் ஏற்றது. ஓசூர் மேட்டுநிலமோ கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாத இரவுகளில் இங்கே மின்சார வெப்பமூட்டியும் உஷ்ணமானியும் இல்லாமல் இம்மீனை வளர்க்க முற்படுவது வீண். சென்னையில் வளர்ப்போர் கூறும் யோசனையை இவ்விஷயத்தில் அப்படியே பின்பற்றலாகாது.

ரோஜாத் தோட்டமும் பசுமைக்குடிலும் உடையவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பூச்சி மருந்துகளில், விசேஷமாகப் பைரித்ராய்டு வகை, மிகச் சொற்ப அளவிலும் மீனைக் கொல்லும். மருந்து தெளித்த கையைத் தொட்டியில் விடுவதும், தோட்டத்துப் பள்ளங்களிலிருந்து கொசுப்புழு எடுத்து இரையிடுவதும் ஆபத்து. மருந்து படாத வீட்டுத் தொட்டிப் புழுக்களே நல்ல இரை.

வளர்க்க மனமில்லாதபோது மீனை ஏரியிலோ தென்பெண்ணையிலோ விடலாகாது. அந்நிய மீன்கள் நம் நீர்நிலைகளில் பரவியபின் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடிகளுக்கு அறிவித்தல் நலம்.