வயிற்றில் ஆபரேஷன்... தவிப்பது கிட்னி!

"வயித்துலதானே ஆபரேஷன்? யூரினை எதுக்கு சார் மணிக்கு மணி அளக்கறாங்க?"

நியாயமான கேள்வி. தஞ்சாவூர்க்காரருக்குப் பதில் சட்டென்று புரியும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காவிட்டால் அதிகம் காய்வது எது? பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை! ஆபரேஷன் நேரத்தில் உடம்பின் கடைமடை, கிட்னி.

சாதாரண நாளில் அதற்கு ராஜ மரியாதை. இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. ஆனால் குடல் அடைப்பு, அல்சரில் ஓட்டை என்று வந்தால் நிலைமை தலைகீழ். வாந்தியில் பாதி போகும். வீங்கின குடலுக்குள் மீதி தேங்கும். கூடவே ரத்த இழப்பு, சீழ். உடனே உடம்பு முறைப்பாசனம் போட்டுவிடும். மூளைக்கும் இதயத்துக்கும் முதல் முறை. கிட்னிக்கு மிச்சம் மீதி!

முதல் தந்தி, யூரின் குறைவது. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரணும். ஆறு மணி நேரம் அதற்குக் கீழேயே இருந்தால் எச்சரிக்கை மணி. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிக் காட்ட ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். அதனால்தான் சிஸ்டர் பாட்டிலும் கையுமாக நிற்கிறார். சீக்கிரம் பிடித்தால் கிட்னி பெரும்பாலும் தேறிவிடும். கோட்டை விட்டால் டயாலிசிஸ்.

ஆபீஸ் ஆசாமிகளே, இந்தக் கதையில் உங்களுக்குத் தெரிந்த வில்லன் ஒருவர் உண்டு. முதுகுவலிக்கு டீயோடு விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் வகையறா. இரைப்பைச் சுவரைக் காப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற சரக்கு. தட்டுப்பாட்டில் கிட்னி வாசல் மதகைத் திறந்து பிடிப்பதும் அதுவேதான். வலி மாத்திரை அதையே குறைக்கிறது. அங்கே புண், இங்கே மதகு மூடல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்... இரண்டும் நம்ம மாங்காய்!

அல்சருக்கு இன்னொரு காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி. கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு. இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். ஓட்டை விழும்வரை 'கேஸ் டிரபிள்' என்று ஜெலுசிலோடு காலம் தள்ளினால் கத்திதான்.

அட்மிட் ஆகும்போது விழுங்கிய மாத்திரை, நாட்டு மருந்து, சுகர், பி.பி., 'அந்தப் பழக்கம்' எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டிவிடுங்கள். மாமனார் பக்கத்தில் நின்றாலும் சரி. வீடு திரும்பிய பிறகு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, யூரின் குறைகிறது என்றால் மெடிக்கல் ஷாப் போகாதீர்கள். நேராக ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள்!