அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது?

வழிப்பறிக்காரன் கேட்டாலும் மக்கள் பணம் கொடுக்கின்றனர். வரி அறவிடும் உத்தியோகத்தர் கேட்டாலும் கொடுக்கின்றனர். முன்னதில் அச்சம் மட்டுமே உண்டு. பின்னதில், கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு என்னும் நம்பிக்கையும் கலந்திருக்கிறது. இந்நம்பிக்கை சேரும்போதே வெறும் வலிமை நியாயபூர்வமான அதிகாரமாகிறது என்று விளக்கினார் ஜேர்மானிய அறிஞர் மக்ஸ் வெபர்.

நம்பிக்கைக்கு அவர் கண்ட அடிப்படைகள் மூன்று. தொன்றுதொட்டு வந்த மரபை மதித்து அரசனுக்கும் குலத்தலைவனுக்கும் பணிதல் ஒன்று. தனியொருவரின் வியத்தகு ஆளுமையால் ஈர்க்கப்பட்டு அவர் பின்னே செல்லுதல் மற்றொன்று. முறைப்படி இயற்றிய சட்டத்துக்குப் பணிதல் மூன்றாவது. இதிலே மக்கள் பணிவது ஆளுக்கன்று. அவர் வகிக்கும் பதவிக்கே.

இம்மூன்றாம் வகை அதிகாரத்தின் கருவியே பணிக்குழுவாட்சி. வரையறுத்த கடமைகள், மேலோர் கீழோர் என்னும் படிமுறை, தகுதி கண்டு நியமித்தல், நிலையான சம்பளம், எழுத்திலமைந்த கோவைகள் ஆகியன அதன் இலக்கணம். பதவி உத்தியோகத்தரின் சொத்தன்று. ஆள் மாறினும் அலுவல் தொடரும்.

இதன் உறுதியை 1920ஆம் ஆண்டு பேர்லின் நகரம் கண்டது. மார்ச்சு 13ஆந் திகதி வொல்ப்காங் காப் என்பவர், படைப்பிரிவொன்றின் துணையுடன் தலைநகரைக் கைப்பற்றி, தம்மையே ஆட்சித் தலைவராக அறிவித்தார். சட்டபூர்வமான அரசாங்கம் நகரைவிட்டு வெளியேறியது. ஆயினும் அமைச்சுக்களின் உயர் உத்தியோகத்தர் பலர் காப்பின் ஆணைகளை ஏற்கவில்லை. மத்திய வங்கியும், உரியவரின் கையொப்பமின்றிப் பணம் வழங்க மறுத்தது. தொழிலாளரின் பொது வேலைநிறுத்தம் நகர வாழ்வையே முடக்கியது. 17ஆந் திகதி காப் பதவி துறந்தார். துப்பாக்கி அவரிடம் இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை.

அவ்வாண்டு யூன் மாதத்தில் வெபர் காலமானார். பதின்மூன்று ஆண்டுகளின் பின் அதே நாட்டிலே இவ்வொழுங்கின் மறுபக்கம் வெளிப்பட்டது. 1933 ஏப்பிரல் 7ஆந் திகதி இற்லரின் அரசாங்கம் பிறப்பித்த சட்டம், யூத உத்தியோகத்தரையும் அரசியல் எதிரிகளையும் சேவையிலிருந்து நீக்க வழிசெய்தது. இம்முறை ஆணை சட்டத்தின் உருவிலே வந்தது. கையொப்பமும் முறையாக இருந்தது. காப்புக்குப் பணியாத பணிக்குழு இதற்குப் பணிந்தது.

அவ்வாறாயின், இக்கருவியைக் காப்பது எது? பணிக்குழுவின் வலிமை அதன் தனியறிவிலும், அவ்வறிவை இரகசியமாக வைத்திருப்பதிலும் தங்கியுள்ளது என்பதை வெபர் முன்னரே உணர்ந்திருந்தார். ஆகவே உத்தியோகத்தரை விசாரித்து உண்மையறியும் உரிமை பாராளுமன்றத்துக்கு வேண்டும் என்று 1918இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். 1933இலோ ஜேர்மானியப் பாராளுமன்றம், சட்டமியற்றும் உரிமையை மார்ச்சு மாதத்திலேயே அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டது. கணக்குக் கேட்பார் எவருமிலர்.

ஓர் ஆணை சட்டப்படி வந்ததா என்று வினவுவது குடிமக்களின் முதற்கடமை. அச்சட்டத்தை ஆக்கியவரிடம் கணக்குக் கேட்பவர் யார் என்று வினவுவது அதனினும் பெரிய கடமையாகும்.