கொரண்டம் நம் குருந்தமே!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

முதலாண்டில் ஒருநாள் பேராசிரியர் அலுமினியத்தின் தாதுக்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். பாக்சைட், கிரையோலைட் என்று சொல்லி வந்தவர், 'கொரண்டம்' என்றும் ஒரு பெயர் சொன்னார். தமிழ்வழியில் பயின்று வந்த எனக்கு ஆங்கிலப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு மலை. இதுவும் கிரேக்கமோ இலத்தீனோ என்றெண்ணி உருப்போட்டேன்.

விடுமுறையில் வீட்டுத் திண்ணையிலமர்ந்து அதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் தெருத்தெருவாகச் சென்று கத்திக்கும் அரிவாளுக்கும் சாணை பிடிப்பவர். "என்னடா, குருந்தமா? உங்க தாத்தா குருந்தக்கல்லை இடிச்சுச் சலிச்சு, அரக்கை உருக்கிக் கலந்துதானே சாணை செய்வாரு!" என்றார். நான் திகைத்துப் போனேன்.

கல்லூரி திறந்ததும் நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். அச்சொல்லின் மூலம் தமிழ்க் 'குருந்தம்' என்றே இருந்தது! மாணிக்கத்தைக் குறிக்கும் 'குருவிந்தம்' என்ற வடசொல்லும் இதற்கு உறவு. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் ஆசியாவின் கொரண்டம் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். கல்லோடு பெயரும் கப்பலேறிவிட்டது. ஐரோப்பியர் நாவில் குருந்தம் கொரண்டம் ஆயிற்று.

கொரண்டம் என்பது அலுமினியம் ஆக்சைடு. மோ என்பார் வகுத்த கடினத்தன்மை வரிசையில் இதன் எண் 9. இதற்கும் மேலே 10-ஆம் இடத்தில் நிற்பது வைரம் ஒன்றே. இரும்பையும் எஃகையும் இது தேய்ப்பதன் இரகசியம் அதுதான். இதிலே சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலக்கல்லாகிறது. ஆக, அரசர் முடியில் மின்னியதும் என் தந்தையார் சாணையில் சுழல்வதும் ஒரே பொருள்தான்! நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் இக்கல் உண்டு. இன்று கடையில் வாங்கும் சாணைச் சக்கரங்கள் பலவற்றிலும் இருப்பது, பாக்சைட்டை மின்உலையில் உருக்கிச் செய்த செயற்கைக் குருந்தமே.

நண்பர்களே! புரியாத ஆங்கிலச் சொல்லைக் கண்டு இனி நான் அஞ்சுவதில்லை. அது எந்த வீட்டிலிருந்து புறப்பட்டதோ, யார் கண்டார்?

முதலாண்டுச் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியவன் நான். இவ்வாண்டு உதவித்தொகைப் படிவத்தில் 'சாணை பிடித்தல்' என்று தெளிவாக எழுதினேன்.