உஷார்! வாஷ்பேசின் பக்கத்துச் சுவரை இன்றே பாருங்கள்

பல் தேய்க்கிறோம், முகம் கழுவுகிறோம். சுவரில் தண்ணீர் தெறிக்கிறது. "தண்ணிதானே, தானா காஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறோம்.

காயாது! உள்ளே இறங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பாத்ரூமில் வாஷ்பேசின் உயரத்துக்கு மட்டும்தான் டைல்ஸ். அதற்கு மேலே பெயின்ட். சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை, சுவரை ஒட்டி மர அலமாரி. முதலில் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளித்தது. சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, புது பெயின்ட் அடித்தார்கள். மழைக்காலம் வந்ததும் மறுபடியும் பொரிந்து உதிர்ந்தது. அலமாரியைத் திறந்தால் பட்டுப்புடவை மடிப்பெல்லாம் பூஞ்சை! அதோடு போகவில்லை. ஒருநாள் ஈரக்கையோடு கீசர் சுவிட்சைத் தொட்ட பிள்ளைக்குக் கை விறுவிறுத்தது. எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஈரம், துருப்பிடித்த திருகாணிகள். பிள்ளை தப்பியது தெய்வச் செயல்.

டைல்ஸ் போட்டாச்சே, இனி என்ன பயம் என்று இருந்துவிடாதீர்கள்! டைல்ஸ் தண்ணீரை விடாது. ஆனால் இடையில் பூசிய ஒயிட் சிமென்ட் உறிஞ்சும். பேசினும் சுவரும் சேரும் இடுக்கில் தண்ணீர் தேங்கித் தேங்கி உள்ளே போகும். பாத்ரூமுக்கும் அறைக்கும் நடுவே பல வீடுகளில் நாலரை இன்ச் செங்கல் சுவர்தான். ஓதம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க ரொம்ப நாள் ஆகாது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி வரை ஈரம் போனால் துரு ஏறும். துருவேறிய கம்பி உப்பும், கான்கிரீட்டைப் பிளக்கும்.

உடம்புக்கும் கேடுதான். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா, மூச்சுக்கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே எச்சரித்திருக்கிறது.

இந்த அறிகுறிகள் இருக்கின்றனவா?

- சுவரின் மறுபக்கம் பெயின்ட் கொப்புளிப்பது, வெள்ளையாக உப்புப் பூப்பது.
- டைல்ஸ் இடுக்கு கறுத்துப்போவது, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்வது.
- டைல்ஸைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்பது.
- எவ்வளவு கழுவினாலும் போகாத பூஞ்சை வாடை.
- பேசினுக்குக் கீழே உள்ள பலகை உப்புவது, கறையான் மண் தெரிவது.
- குழாயையோ சுவரையோ தொட்டால் லேசாக விறுவிறுப்பது. இது ஒன்று இருந்தாலே உடனே மெயினை அணையுங்கள்! எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் உள்ளே விடாதீர்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் பைப் கசிவா என்று பாருங்கள். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டேங்க்கில் தண்ணீர் அளவைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

கசிவு இல்லையா? தெறிக்கும் தண்ணீர் காரணமாக இருக்கலாம். சுவரை நன்றாகக் காயவிடுங்கள். உதிர்ந்த இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி பூசச் சொல்லுங்கள். பேசினும் சுவரும் சேரும் இடத்தில் பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் வைத்து, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பாருங்கள். பேசினுக்கு மேலே கண்ணாடி வரைக்குமாவது, பக்கவாட்டில் தெறிக்கும் தூரம் வரைக்கும் டைல்ஸ் ஒட்டுங்கள். குழாய் வேகமாகப் பீய்ச்சினால் அதன் வாயில் ஏரேட்டர் மாட்டுங்கள், தெறிப்பது பெருமளவு குறையும். சுவிட்சைத் தண்ணீர் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடு என்றால் முதல் வேலையாக அதைப் பொருத்துங்கள்.

செய்யவே கூடாதவை: ஈரச் சுவர்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே அடைந்து கிடக்கும். ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள், டைல்ஸ் இடுக்குச் சிமென்ட்டை அது அரித்துவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் விஷவாயு கிளம்பும், ஜாக்கிரதை!

பேசின் பக்கத்தில் ஒரு பழைய துண்டு தொங்கட்டும். முகம் கழுவியதும் சுவரை ஒரு தடவை துடைத்துவிடுங்கள், பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். இப்போதே எழுந்து போய் அந்தச் சுவரின் மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்!